மஹ்ரூபின் பங்கு

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

இன்று பஸ்ஸில் நிலாவெளிக்குப் போனேன். வழியில் இருந்த பெயர்ப் பலகைகளை எல்லாம் வாய்விட்டு வாசித்தேன். பக்கத்தில் இருந்த பெடியன் சிரித்தான். சிரிக்கட்டும். கிழவயதில் எழுத்துப் படித்தவன் சத்தமாகத்தான் வாசிப்பான். நாளும் ஏதாவது எழுதுங்கோ என்று எனக்கு எழுத்துப் படிப்பித்த லோஜினி ரீச்சர் சொல்லியிருக்கிறா. இரண்டு வரி எழுதுவதற்குள் பிளேன்ரீ ஆறிவிடுகிறது.

5 ஆகஸ்ட்

மீனவர் சங்கத்துச் செயலாளர் கலீலுர் றஹ்மான் வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை இறக்கக்கண்டிக் கரையில் பிள்ளைகளுக்கு மீன்பிடி நாள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து. காலையில் பாலத்தடியில் தூண்டில், பிறகு ஓட்டப்போட்டி, கடைசியில் கரைவலையைக் கையால் இழுப்பது. "மீனைப் பங்கு பிரிக்க நீங்கதான் வேணுமாம், சோமண்ணே" என்றார்.

நான்! யார் சொன்னது என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

7 ஆகஸ்ட்

வலை மஹ்ரூபின் வலையாம். வாடகைக்கு எடுத்திருப்பார்கள்.

முப்பது வருடம் நானும் அவனும் ஒரே கயிறு பிடித்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னர் கயிற்றை இழுக்க ட்ராக்டர் கொண்டுவந்தான். ஆட்கள் வருவதில்லை, என்ன செய்ய என்றான். நான் ஆள் இல்லையா? அன்றோடு எங்களுக்குள் கதை பேச்சு இல்லை.

9 ஆகஸ்ட், சனி

எத்தனை பிள்ளைகள்! தூண்டிலில் பேத்தை மீன் பட்டு ஊதிப் பெருத்ததைக் கண்டு ஒரு சின்னவள் தூண்டிலையே கடலில் எறிந்துவிட்டாள். ஓட்டத்தில் முதலாவதாக வந்தவன் நிற்கத் தெரியாமல் தண்ணீருக்குள் போய் விழுந்தான்.

பிறகு வலை. கயிற்றின் இரண்டு பக்கமும் பிள்ளைகள். என் தொண்டை அடைக்கும் வரை ஏலேலோ பாடினேன். மீன் நிறைந்த வலை மடி கரைக்கு வந்தது. சூடை மீன், வெள்ளி போல.

கரைவலைக்கு ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவனுக்கு மீன் உண்டு. வழியால் போகிறவன் வந்து பிடித்தாலும் உண்டு. கை வைத்தவனை வெறுங்கையோடு அனுப்பினால், நீ இந்தக் கரைக்கு வேண்டாதவன் என்று அர்த்தம்.

மணலில் குவியல் குவியலாகப் போட்டு ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டேன். கடைசியில் மஹ்ரூப் நின்றான். அவனும் இழுத்தவன்தான். வலது தோள் ஏலாததால் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று இடது கையால் பிடித்ததை நான் கண்டேன். ஷொப்பிங் பாக்கை விரித்து, "எனக்கும் போடு மச்சான்" என்றான்.

"உனக்கென்னத்துக்கு? உன்ர பங்கை ட்ராக்டரிட்டக் கேள்" என்றேன்.

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பாக்கைச் சுருட்டிச் சாரத்து மடிக்குள் வைத்துக்கொண்டு போனான்.

நல்ல பகிடி. இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது.

10 ஆகஸ்ட்

கடையில் அந்தப் பகிடியைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

12 ஆகஸ்ட்

சந்தையில் ஸல்ஹாவைக் கண்டேன், மஹ்ரூபின் மனைவி. அவன் எப்படி என்று சும்மா கேட்டேன். அவ தலையைக் குனிந்துகொண்டு சொன்னா: "விடியவே சொல்லிட்டுப் போனவர், சோமண்ணே, இண்டைக்கு சோமன்ட கையால மீன் வரும், மீனாணம் காய்ச்ச எல்லாம் ஆயத்தம் பண்ணு எண்டு. நானும் தேங்காய் திருவி, புளி கரைச்சு வைச்சிட்டு இருந்தன். வந்து, முட்டையைப் பொரி எண்டார்."

வலைக்கு அவன் வாடகை வாங்கவில்லையாம். அன்றைக்குத் தன்னுடைய தொழிலையும் நிறுத்தியிருக்கிறான். பங்கு பிரிக்க என்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று சங்கத்தில் சொன்னதும் அவன்தான்.

என்ன வேலை பாத்திட்டன் நான்? அவன்ர வலையில பட்ட மீன். அதை அவனுக்கே இல்லையெண்டு — அவ்வளவு பிள்ளையளுக்கு முன்னால. சமாதானத்துக்கு வந்தவனை. அதைப் போய்க் கடையிலயும் சொல்லிச் சிரிச்சன்.

13 ஆகஸ்ட்

எழுத மனமில்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி

வாங்கின மீன் பங்காகாது. தெரியும். என்றாலும் ஒரு நல்ல பாரை வாங்கிக்கொண்டு, ஜும்மா முடிந்து அவன் வீட்டுக்கு வந்திருக்கும் நேரம் பார்த்துப் போனேன்.

"வாங்க" என்றான். கதிரை போட்டான். அவன் என்னை ஒருநாளும் வாங்க என்று சொன்னதில்லை. மீனைத் தூக்கிப் பார்த்தான்.

"நல்ல பாரை. எவ்வளவு?"

சேர்ட் பொக்கற்றுக்குள் கையை விட்டான். பகிடியாக இல்லை. மீன் விற்க வருகிறவனிடம் கேட்பது போலவே கேட்டான்.

"நான் விக்க வரேல்லை மஹ்ரூப். அண்டைக்கு நான் செய்தது பிழை."

"அதுக்கென்ன, பிள்ளைகள் சிரிச்சாங்க தானே. ஆனா சும்மா வாங்கேலாது."

ஸல்ஹா பிளேன்ரீ கொண்டுவந்தா. குடித்தேன். மீனையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

17 ஆகஸ்ட்

அடித்திருந்தால், ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

விடியற்காலை கரைக்குப் போனேன். மஹ்ரூபின் ட்ராக்டர் கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டு நின்றது. நான் தண்ணீர் ஓரத்தில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தேன். ட்ராக்டருக்கு என் பலம் தேவையில்லை. கயிற்றோடு மணலில் ஏறி நடந்து, விட்டுவிட்டுத் திரும்பி வந்து மறுபடி பிடித்தேன். கரையில் நின்றவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன், ட்ராக்டருக்கு அசிஸ்டன் வந்திருக்கிறார் என்றான்.

ட்ராக்டர்காரன் கத்தினான்: "ஐயா, விடுங்கோ, கை போயிடும்."

மஹ்ரூப் கரையில் ஏற்றியிருந்த வள்ளத்தின் முன் அணியத்தில் இருந்தான். என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து ட்ராக்டர்காரனிடம் சொன்னான்: "மெதுவா இழு."

மடி கரைக்கு வரும் வரை ட்ராக்டர் மெதுவாகவே இழுத்தது.

பங்கை அவனே பிரித்தான். பங்கு வாங்க என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நான் நிற்கவில்லை. இல்லை, நின்றேன்தான். இதில் பொய் எழுதக் கூடாது.

உள்ளங்கை உரிந்துபோய்ப் பேனையைப் பிடிக்க எரிகிறது. நாளைக்கும் அவன் வலை போடுவான். போக வேண்டும்.