லண்டன் பைண்ட், இருபத்தாறு பென்ஸ்

செப். 9, 1977. வெள்ளி. ஹோம்புஷ்.

காலையிலிருந்து பேய்க் காற்று. ரயில் இருபது நிமிடம் தாமதம். குடைக்கம்பி இரண்டு போய்விட்டது. வசந்தமாம்.

லிட்கம் ஸ்டேஷனடிப் பப்பில் ஒரு ஸ்கூனர் கிளாஸ் பியர் இன்றிலிருந்து 52 சதம். போன மாதம்தான் 49 ஆக்கினார்கள். அறிவிப்பும் இல்லை, வெட்கமும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஸ்டோர்ஸ் ஆட்கள் ஆறு பேரும் சேர்ந்து போவது வழக்கம். ஆளுக்கொரு முறை எல்லோருக்கும் வாங்கிக் கொடுக்க வேண்டும். விலை ஏறுகிற நாளில் பார்த்து என் முறை வரும். சனியன் பிடித்த ராசி.

பரமுக்கு எழுத வேண்டும். விழுந்து விழுந்து சிரிப்பான். எரிச்சலே அதுதான். கொழும்புக் கந்தோரில் நானும் அவனும் ஒரே மேசை. 72இல் அவன் லண்டனுக்கு, நான் இந்தக் கங்காரு நாட்டுக்கு. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்துப் பந்தயம்: எந்த ஊரில் பியர் மலிவோ அந்த ஊர்க்காரன்தான் கெட்டிக்காரன். அன்றிலிருந்து கடிதத்துக்குக் கடிதம் அடியில் விலை போடுவோம். அவனுடைய பைண்ட் விலை எல்லாம் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்:

72 – 13 பென்ஸ்
73 – 14
74 – 17
75 – 23, பிறகு 26
76 – 26
77 – 26

இங்கத்தைய காசில் 26 பென்ஸ் நாற்பது சதம் சொச்சம். அவனுடைய கிளாஸும் பெரியது. ஐந்து வருடமாகத் தோற்கிறேன்.

இன்று பப்பில் டெரியிடம் இதைச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த லண்டன்காரன், வந்து மூன்று மாதம். “இருபத்தாறா? எந்தக் காலத்தில்?” என்றான். அவன் புறப்படுமுன் கடைசியாகக் குடித்த பைண்ட் 38ஆம். லண்டனில் சாப்பிடுகிற பாணிலிருந்து பஸ் டிக்கெட் வரை எல்லாமே ஏறிவிட்டதாம், பியர் மட்டும் ஏறாமல் நிற்குமா என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் சூடு.

கள்ளப்பயல். இரண்டு வருடமாகப் பொய் எழுதி வென்றிருக்கிறான்.

செப். 10. சனி.

முதுகுவலி. துணி காயவில்லை. பரமுக்குக் கடிதம் எழுதினேன், இரண்டு பக்கம். மரியாதை ஒன்றும் வைக்கவில்லை. கடைசி வரி மட்டும் இங்கே: ‘ஆம்பிளை எண்டால் உன்ரை பப்புக்குப் போய், கண்ணாலை பாத்து, உண்மையான விலையை எழுது. ஏலாட்டி இந்தக் கடிதப் போக்குவரத்து இதோடை சரி.’

போன வருடம் அனுப்பிய படத்தில் பெரிய தாடி வைத்திருந்தான். சாமியாருக்குப் பொய் எதற்கு என்று அதையும் நக்கலடித்து எழுதினேன்.

எழுதியதை மனைவி சரோ வாசித்துப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, ஒரு பியருக்காகச் சிநேகிதனை இப்பிடிப் பேசுறதோ?”

“பியருக்காக இல்லையப்பா. என்னை விசரனாக்கிப் போட்டான்.”

“இதைப் போடாதேங்கோ.”

செப். 12. திங்கள்.

போட்டேன்.

செப். 14. புதன்.

குசினிக் குழாய் ஒழுகுகிறது. வீட்டுக்காரன் வருகிறேன் என்று சொல்லி இது மூன்றாவது புதன். பருப்பு முடிந்துவிட்டது. பரம் மீது கோபம் ஆறவில்லை. அவன் முழிக்கப் போகிற முழியை நினைத்தால் கொஞ்சம் சந்தோஷமும்தான்.

செப். 20. செவ்வாய்.

சரோவுக்கு மலரிடமிருந்து கடிதம். மலர் பரமின் மனைவி. என் கடிதம் கிடைக்குமுன் எழுதியது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், சேலை விலை, அதற்கிடையில் இது:

‘குளிர் தொடங்கினால் இவருக்குத் தாடைத் தழும்பு இழுக்குது. அதுதான், ரெண்டு வருஷத்துக்கு முந்திப் பப்பிலை நாலு வெள்ளைப் பொடியள், உன்ரை நாட்டுக்குப் போ எண்டு சொல்லிக் கிளாஸாலை அடிச்ச இடம். பன்ரெண்டு தையல். தாடி வளந்தும் முழுக்க மறையேல்லை. அதுக்குப் பிறகு இவர் அந்த வாசலை மிதிக்கேல்லை. வேலையாலை வரேக்கையும் மற்ற றோட்டாலைதான் சுத்தி வாறவர். அண்ணைக்கு எல்லாம் எழுதியிருப்பார்தானே.’

எழுதவில்லை. 26 என்று மட்டும் எழுதினான். அவன் கடைசியாகக் கொடுத்த விலை அது.

சரோ கடிதத்தை மடித்து என் முன்னால் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாள். ‘அப்பவே சொன்னனான்’ என்று திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் ரோஷக்காரன். போவான். ஆம்பிளை எண்டால் என்று எழுதிய என் கையை என்ன செய்வது?

செப். 21. புதன்.

வேலைக்கு அரை நாள் லீவு. பரம் வீட்டில் போன் இல்லை. தபால் கந்தோருக்குப் போய் ஆங்கிலத்தில் தந்தி: ‘பப்புக்குப் போகாதே. கடிதத்தைக் கிழி. மன்னி.’ கவுண்டரில் இருந்த பெண் சொற்களை எண்ணுவதற்காக உரக்க வாசித்தாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்ற ஒரு கிழவர் முதுகில் தட்டி, “என் மனைவியும் இதைத்தான் சொல்கிறாள்” என்றார். விளக்கம் சொல்லவா முடியும்? அவசரக் கட்டணம் கட்டிவிட்டு வந்தேன்.

கடிதம் திங்களே அங்கே போயிருக்கும். தெரியும்.

செப். 23. வெள்ளி.

பப்புக்குப் போக மனமில்லை. போகாவிட்டால் விலைக்குப் பயந்துவிட்டான் என்பார்கள். போனேன். டெரி, “என்ன, உன் ஆள் பிடிபட்டானா?” என்றான். மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பாவம், அவன் மீது என்ன பிழை.

ஒன்று கவனித்தேன். இந்த ஐந்து வருடமும் நான் அங்கே சுவரில் முதுகு வைத்தே நின்றிருக்கிறேன். வாசல் தெரிகிற மாதிரி. யாரும் எனக்கு ஒன்றும் செய்ததில்லை. ஆனாலும் அப்படித்தான் நிற்கிறேன்.

பியர் பாதிக்கு மேல் இறங்கவில்லை.

செப். 25. ஞாயிறு.

சமைத்ததைச் சாப்பிடவில்லை என்று சரோ பேச்சு. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

செப். 27. செவ்வாய்.

மழை. பரமின் கடிதம். 19ஆம் தேதி போட்டது, தந்திக்கு இரண்டு நாள் முன்பு. எப்போதும் அடியில் போடுகிற விலை இந்த முறை முதல் வரியில்:

‘மச்சான், 38. நீ சொன்னதுதான் சரி. விலையைப் பாத்திட்டு ஓடி வந்திடலாம் எண்டுதான் போனனான். உள்ளுக்கை ஒரு இடமும் விலை எழுதியில்லை, கேக்கத்தான் வேணும். கேட்டால் வாங்காமல் வரேலாது. கதவடியிலை நிண்டே முழுக்கக் குடிச்சன். ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் மற்றவையின்ரை கையிலை இருந்த கிளாஸுகளையே பாத்துக்கொண்டு நிண்டன். இனிப் பொய் எழுதமாட்டன். ஆனால் மாசத்துக்கு மாசம் போகச் சொல்லாதை. உன்ரை ஸ்கூனர் இப்ப எவ்வளவு?’

இவ்வளவு நாளும் ஏன் போகவில்லை என்று ஒரு சொல் இல்லை. தாடியைப் பற்றியும் இல்லை.

குசினியிலிருந்து சரோ கேட்டாள். “போனவரோ?”

“ஓம்.”

“என்னவாம்?”

“பியர் விலை ஏறிட்டுதாம்” என்றேன்.