மாப்பிள்ளையின் பின்பக்கம்

அன்பு மகன் ருவாரி,

கண் மங்கி நான் ஒரு கில்ட்டுப் பாவாடையைப் பாழாக்கிவிட்டதாக உன் அத்தை நம் தீவெல்லாம் சொல்கிறாளாம். பொய். மாதா அருளால் கண்ணும் கையும் நலம். உன் இருமல் நின்றதா?

நான் வேலை பார்க்கும் இந்த எடின்பரோ தையல் கடையில் எவளோ ஒரு மாப்பிள்ளைக்குத் தைத்த கில்ட்டில், பின்பக்கக் கொசுவத்துக் கட்டங்கள் ஒரு நூல் விலகியிருந்தன. திரும்பத் தைக்கப் பிரித்துப் போட்டேன்; அதைத்தான் உன் அத்தை பாழ் என்கிறாள்.

"பின்பக்கத்த யாரு மோராக்கம்மா பாக்கப்போறா?" என்று இளித்தான் முதலாளி.

"கல்யாணத்துல கோயிலே மாப்பிள்ளையோட பின்பக்கத்தத்தான்யா பாக்குது!" என்றேன்.

உன் கல்யாணத்துக்கு வாடகைக் கில்ட்டே போதுமாமே? எவனெவனோ உட்கார்ந்து நசுக்கிய கொசுவத்தோடு என் மகன் பலிபீடத்தின் முன் நிற்கமாட்டான். நம் குடும்பத்துக்கே உரிய கட்டம் போட்ட துணி வாங்கிவிட்டேன். ஞாயிறுகளில் இந்த அறையில் பேச ஆளா இருக்கிறது? உட்கார்ந்து தைப்பேன்.

இடுப்பு, பிட்டம், மண்டியிட்டபடி இடுப்பிலிருந்து தரைவரை, மூன்றையும் வயிற்றை எக்காமல் அளந்து, இந்த வாரமே கடிதத்தில் எழுதி அனுப்பு.