ஜெசிக்காகப் பிடித்துவைத்த நாற்காலி

என் அருமை ஜெசிக்கு,

நம்மைச் சேர்த்துக்கொண்டார்கள், மச்சி. மீன் உயிரியலாளர் சங்கத்தில் இப்போது நான் ஓர் உறுப்பினர். 'நம்மை' என்று எழுதிவிட்டேன் பார். அடிக்க மனசில்லை, அப்படியே இருக்கட்டும்.

கல்லூரியில் நீ முதன்முதலாக இந்தச் சங்கத்தைப் பற்றிச் சொன்னபோது, மீனுக்கெல்லாம் ஒரு சங்கமா என்று சிரித்தேன். "மீனுக்கு இல்லடி, மீன் பைத்தியங்களுக்கு. நம்மள வுட்டா அதுக்கு வேற யார் கீறாங்க?" என்றாய். எம்.எஸ்ஸி. முடித்த பிறகும் உன் ஊரான நூம்பலின் பேச்சை நீ மாற்றிக்கொள்ளவே இல்லை. இப்போது அதைக் கேட்கத்தான் காது ஏங்குகிறது.

சேர வேண்டுமானால் ஆண்டுக் கூட்டத்தில் ஓர் ஆய்வைப் படிக்க வேண்டும். நம் விரால் ஆய்வைத்தான் அனுப்பினேன். சனி, ஞாயிறு முழுக்கச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் உட்கார்ந்து, விரால் தன் குஞ்சுகளை எப்படிக் காவல் காக்கிறது என்று பார்த்தோமே, அதுதான். காலை நேரம் எனக்கு, சாயங்காலம் உனக்கு. தூண்டில் போட வந்த ஒருவர் என்னிடம், "இன்னாம்மா, பாத்துகினே கீறீங்க, ஒண்ணாவது புடிக்க மாட்டீங்களா?" என்று கேட்டதைச் சொன்னதும் நீ வயிறு வலிக்கச் சிரித்தாய்.

உன் பெயரைத்தான் முதலில் போட்டேன். இறந்துபோனவர் பெயர் என்றால் பக்கத்தில் ஒரு சின்னக் குறி போட்டு, கீழே 'மறைந்தவர்' என்று எழுதுவது இவர்கள் வழக்கம். எனக்குக் கை வரவில்லை. குறி இல்லாமலே அனுப்பிவிட்டேன். என்ன ஆயிற்று தெரியுமா? நீயும் வருகிறாய் என்று நினைத்து உனக்கும் ஓர் அடையாள அட்டை அடித்து வைத்துவிட்டார்கள்.

அண்ணனூரில் ரயிலேறிக் கூட்டத்துக்குப் போனால், வாசலில் இருந்த பெண் இரண்டு அட்டைகளை நீட்டினாள்.

"ஜெசிந்தா மேடம் வரலையா?"

"பின்னால வராங்க" என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

உன் அட்டையைப் பக்கத்து நாற்காலியில் வைத்து, அதோடு என் கைப்பையையும் வைத்தேன். யாராவது வருகிறார்களா என்று கேட்டவர்களிடமெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினேன். பைத்தியம் என்பாயா? சொல்லிவிட்டுப் போ. அந்தக் கொஞ்ச நேரம் நீ டீ குடிக்க வெளியே போயிருப்பதுபோல இருந்தது. எவ்வளவு நன்றாக இருந்தது, ஜெசி!

என் முறை வந்தது. தடுமாறாமல்தான் படித்தேன். முடித்ததும் முன்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் எழுந்தார்.

"இருட்டத் தொடங்கினதும் விரால் அந்தக் குஞ்சுகளை எங்க கூட்டிட்டுப் போகுது?"

அது உன் சாயங்காலம். நாம் எழுதாமல் விட்டுவைத்த பகுதி. "கண்டுபுட்ச்சிட்டேன்டி. போன்ல சொல்ல மாட்டேன், நேர்ல வா, காட்றேன்" என்றாய். அந்த வாரமே உனக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த உன்னிடம் மீனைப் பற்றி எப்படிக் கேட்பேன்? வீட்டுக்கு வந்ததும் சொல்வாய் என்றுதானே இருந்தேன்?

"அதை ஜெசிந்தா பாத்தாங்க சார்" என்றேன்.

"அப்ப அவங்களையே சொல்லச் சொல்லுங்களேன்." அவர் அரங்கைத் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் திரும்பினார்கள்.

"அவ இறந்துட்டா, சார்."

மைக்கில் என் குரல் எனக்கே கேட்டது. அதுவரை யாரிடமும் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது உன்னைப் பற்றி விசாரித்தால் பேச்சை மாற்றிவிடுவேன். அன்று அத்தனை பேர் முன்னால் நின்று அழுதேன், மச்சி. பேராசிரியர் உட்காரவில்லை. நான் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை காத்திருந்து, "அப்ப நீங்கதாம்மா பாத்துச் சொல்லணும்" என்றார்.

நீ போன பிறகு சாயங்காலத்தில் நான் ஏரிப் பக்கம் போனதே இல்லை. போகாதவரை நீ அங்கே உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளலாம் அல்லவா? மழை தொடங்கிவிட்டது. கரையோரத்தில் குஞ்சுகள் செக்கச்செவேலென்று கூட்டமாக மேலே வரும் நேரம்.

சத்தியமாகப் போவேன், ஜெசி. உன் இடத்தில் இருட்டும்வரை இருப்பேன். அவை எங்கே போகின்றன என்று தெரிந்ததும், நீ எனக்குச் சொல்ல வைத்திருந்ததை நான் உனக்குச் சொல்வேன்.

என்றும் உன் மச்சி,
அமுதா