தலையணைக்கடியில் ரொக்கோ

1943 ஆவணி, வியாழன்

ஜப்பான்காரனின் பங்கீட்டு அரிசி வரிசையில் இன்று நான் பேசிவிட்டேன். இன்னும் வெட்கமாக இருக்கிறது.

தன் இருமலில் ரத்தம் வந்த அன்றுதான் அப்பா புகைப்பதை விட்டார். "யாராச்சும் நீட்டுனா கை தன்னால போகும், நீ சட்டையப் புடிச்சு இழு" என்று என்னிடம் சொல்லி வைத்திருந்தார். இன்று வரிசையில் பக்கத்து வீட்டு முத்து மாமா, நிப்பா இலையில் புகையிலை சுருட்டிய ரொக்கோ ஒன்றை நீட்டினார். அப்பாவின் கை போனது. சட்டையை இழுத்தேன். அவர் திரும்பவே இல்லை.

"வேணாம் மாமா, அப்பா விட்டுட்டாரு."

என் குரல்தானா அது? மாமா முழித்தார்.

"அட, இந்தப் புள்ளைக்கு வாய் இருக்கா! ஜப்பான்காரன்கூட என்னை இப்படி மிரட்டுனதில்லையே!" என்றார் மாமா. வரிசையே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் ரொக்கோவை வாங்கிக் காதில் செருகிக்கொண்டார். காஜா பேராங்கில் எங்கள் வீடு வரும்வரை அதைத் தொட்டுத் தொட்டு நடந்தார். வாசலில் எடுத்து முகர்ந்துவிட்டு, "நீயே வச்சுக்கம்மா" என்றார்.

இப்போது அது என் தலையணைக்கடியில் இருக்கிறது. காய்ந்த இலையின் வாசம். கண்ணை மூடினால் அறை முழுக்கப் புகை. வீடு மெல்ல மிதந்து கிளேபாங் கடலுக்குப் போகிறது. அம்மாவும் இப்படித்தான் இருமி...

சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா புரண்டு படுக்கிறார். வந்து கேட்டால் கொடுத்துவிடுவேனோ?

"தூங்கிட்டியாம்மா?"

"இல்லப்பா."

"ஏதாச்சும் பேசேன்."

நானா? என்ன பேசுவது? மாமா முழித்த முழியிலிருந்து தொடங்கலாம். பேனாவை வைக்கிறேன்.