வள்ளம் வராத பதினொரு நிமிடம்

கமராவுக்குப் பின்னால் நின்றே எங்கள் எல்லாரையும் படம் பிடித்த என் அன்பு அக்காவுக்கு,

உங்கள் ஆண்டுத் திவசம் போன கிழமை நல்லபடியாக முடிந்தது. அம்மா சல்லிக் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டுத் திரியாயில் எங்கள் தங்கச்சி வசந்தியோடு போய் இருக்கிறா. கால்தான் நோகிறது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

திவசத்துக்கு அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. நீங்கள் குவைத்திலிருந்து கொண்டுவந்த கமராவில் எடுத்த கசெட்டைப் பார்க்கவேண்டும். அதுவும் தனியாக இல்லை. கனடாவில் இருக்கும் உங்கள் மகள் கயலும் அதே நேரத்தில் பார்க்கவேண்டும். "ரெண்டு பேரும் ஒரே இடத்தில சிரிக்கோணும்" என்றா. ஒரு பென் டிரைவில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிட்டால் முடிந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுப் பார்த்தனான். "அப்ப கயல் எப்பிடியடா என்னோட இருந்து பார்க்கிறது?" என்று போனை வைத்துவிட்டா.

வசந்தியின் வீட்டுக்குள் இன்டர்நெட் சிக்னல் ஒரு கோடும் வராது. பின்வளவு வேப்பமரத்தடியில் கதிரை போட்டு இருந்தால் ஒன்று வரும், அதுவும் மனம் வைத்தால்தான். ஆனால் நான் பயப்படவில்லை. துறைமுகப் பக்கத்தில் கடை போட்டு இத்தனை வருடமாகக் கலியாண வீடியோ வெட்டி ஒட்டுகிறேன். அந்த ஒரு கோட்டிலும் படம் ஓடவைக்கக்கூடிய ஆள் இந்த நகரத்தில் நான்தான். சும்மா புளுகவில்லை, அக்கா. சரி, கொஞ்சம் புளுகுதான்.

வீடியோவைச் சுருக்குகிற விசயம் சுலபம். அசையாமல் இருப்பதை ஒருதரம் அனுப்பினால் போதும், அசைகிறதைத்தான் திரும்பத் திரும்ப அனுப்பவேண்டும். வசந்தியின் பிறந்தநாளில் நாங்கள் எல்லாரும் சுவரோடு வரிசையாக நிற்கிறோம். சுவரும் அசையவில்லை, நாங்களும் அசையவில்லை. அது பஞ்சு மாதிரிப் போனது. பிறகு வந்தது உங்கள் கடல். அப்பாவின் வள்ளம் வருவதை எடுக்கவென்று சல்லிக் கரையில் நின்று பதினொரு நிமிடம் பிடித்திருக்கிறீர்கள். வள்ளம் வருமுன்னே கசெட் முடிந்துபோயிற்று. கடல் ஒரு நொடியாவது சும்மா இருக்குமா? மிச்சம் எல்லாவற்றையும் விட அந்தப் பதினொரு நிமிடம்தான் பாரமாக இருந்தது.

நான் வெட்டிவிட்டேன். ஆளில்லாத கடலை யார் பார்க்கப்போகிறார்கள்? அதோடு விட்டேனா, கலியாண வீடியோப் பழக்கத்தில் முழுச் சத்தத்தையும் கேட்டுப் பார்க்காமலே எடுத்துவிட்டு ஒரு நாதஸ்வரத்தைப் போட்டேன்.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னம் சரிபார்க்க அனுப்பினேன். ஓரிடத்திலும் நிற்காமல் ஓடியது. வசந்தி போனை அம்மாவிடம் கொடுத்தாள். பாராட்டு வரும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"கொக்கா எங்கயடா?"

"அம்மா, அக்காதானே கமரா பிடிச்சவ. அவ படத்தில வரமாட்டா."

"அது எனக்குத் தெரியாதே? முகம் பார்க்கச் சுவரில படம் தொங்குது. அவள் கதைக்கிற சத்தம் எங்க? நாதஸ்வரம் கேட்கிறதெண்டால் நான் கோயிலுக்குப் போகமாட்டனே?"

நல்லகாலம், கசெட் பத்திரமாக இருந்தது. திரும்பப் போட்டு, ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். பிறந்தநாளில் எல்லாரும் சேர்ந்து கத்துகிறோம், அதற்குள் உங்கள் குரலைப் பிரித்தெடுக்க ஏலாது. நீங்கள் தனியாகக் கதைப்பது ஓரிடத்தில் மட்டும்தான். நான் வெட்டி எறிந்த அந்தக் கடலில்.

"தம்பி, வள்ளத்தை இன்னும் காணேல்ல. நீ இதை வெட்டிப்போடுவாய், எனக்குத் தெரியும். வெட்டினியெண்டால் பார்."

கடைக் கதிரையில் இருந்து அழுதேன், அக்கா. சிரிப்பும் வந்தது. இருபது வருடத்துக்கு முந்தி, நான் வெட்டி ஒட்டப் பழகத் தொடங்கின நாளிலேயே என்னை இப்படி அளந்து வைத்திருந்தீர்களா?

பிறகு வேலையைத் தலைகீழாகச் செய்தேன். படத்தை உள்ளங்கையளவுக்குக் குறைத்தேன், சத்தத்தில் கைவைக்கவில்லை. குரலுக்கு அவ்வளவு இடம் தேவையில்லை, படம்தான் எல்லாவற்றையும் தின்னும். இவ்வளவு வடிவில்லாத படத்தை நான் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. ஆனாலும் என் திறமான வேலை இதுதான் என்று யாரிடமும் சொல்லுவேன்.

திவசத்தன்று படைத்து, காகத்துக்குச் சோறு வைத்து, பின்னேரம் அம்மா வேப்பமரத்தடியில் வந்து இருந்தா. கனடாவில் அப்போதுதான் விடிந்து கயல் தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தாள். நான் கடையிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, விரலைக் கடித்துக்கொண்டு நின்றேன். கடைசிவரை நிற்காமல் ஓடியது. பிறந்தநாளில் நான் கேக்கைக் களவாக நக்கின இடத்தில் இரண்டு பேரும் சிரித்தார்களாம். கடல் வந்ததும் படம் சதுரம் சதுரமாக உடைந்தது. அம்மா அதைப் பார்க்கவேயில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டா என்று வசந்தி பிறகு சொன்னாள்.

கசெட் முடிகிற இடத்தில் நீங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவீர்கள், நினைவிருக்கிறதா? "அம்மா, அப்பா வர இன்னும் எவ்வளவு நேரமணை?" கசெட்டில் அதற்குப் பதில் இல்லை. அம்மா அன்றைக்குக் குசினிக்குள் அடுப்போடு நின்றிருப்பா, கேட்டிருக்காது.

இந்தமுறை கேட்டது. வேப்பமரத்தடியில் கண்ணைத் திறக்காமலே அம்மா சொன்னாவாம்:

"இப்ப வந்திடுவார் பிள்ளை. நீ கமராவை நிப்பாட்டிப்போடாத."

அலுமாரியில் உங்கள் கசெட் இன்னும் ஒன்பது கிடக்கிறது. எல்லாவற்றையும் சுருக்கி அந்த வேப்பமரத்தடிக்கு அனுப்புவேன். படம் எவ்வளவு உடைந்தாலும் உடையட்டும். நீங்கள் கதைக்கிற இடத்தில் ஒரு நொடிகூட வெட்டமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

உங்கள் சொல்லை இருபது வருடம் பிந்திக் கேட்ட
தம்பி ராசன்