வலைக்கு வெளியே ஒரு பிடிச் சோறு

அன்புள்ள அக்கா,

பிரிக்ஃபீல்ட்ஸில் உன் பிளாட்டின் பால்கனிக்கு நேற்று மறுபடியும் வலை கட்டினோம். இன்று காலை போய்ப் பார்த்தால், இடது மூலையில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெட்டியிருக்கிறது. அத்தான் வேலைதான். வேறு யார் அங்கே இருக்கிறார்கள்?

உன் நுரையீரலைக் கெடுத்தது புறா எச்சத்தின் தூசி என்று டாக்டர் சொன்னது நினைவிருக்கிறதா? நீ போன பிறகு அத்தானே ஆள் கூப்பிட்டு, ஏர்கான் பெட்டிக்குப் பின்னாலிருந்த கூடுகளை அகற்றினார். பால்கனியைக் கழுவினார். முதல் வலையைக் கட்டியதும் அவர்தான்.

அதன்பிறகு உனக்காகக் காக்கைக்குச் சோறு வைக்கத் தொடங்கினார். காரியத்தோடு நிறுத்தவில்லை, தினமும் வைக்கிறார். அந்தப் பக்கம் காக்கை இப்போது அரிது. அவை குறைந்துவிட்டதை எங்கள் பத்திரிகையில் செய்தியாக எழுதியவனே நான்தான். வருவதெல்லாம் புறா. வெட்டிய ஓட்டை வழியாக உள்ளே வந்து மறுபடியும் கூடு கட்டுகின்றன.

வலை கட்டும் தஞ்சாவூர்க்காரர் நேற்றே அத்தானைப் பார்த்துச் சிரித்தார். “அங்கிள், நான் கட்டுறேன், நீங்க வெட்டுறீங்க. பேசாம என்னை வீட்டோட வச்சுக்குங்க.”

இன்று நான் கோபமாகவே கேட்டேன். “சோத்தைத் திங்கிறது புறா, அத்தான். அக்காவைக் கொன்னதே அதுதானே?”

“தெரியும் மச்சான். ஆனா உங்கக்கா வந்து வலைக்கு வெளிய நின்னா? பசி தாங்க மாட்டா லா அவ.”

“கீழ கார் பார்க்ல வைங்களேன்.”

“அவ வீடு பன்னிரண்டாவது மாடியில இருக்கு. கார் பார்க்ல எதுக்கு வந்து சாப்பிடணும்?”

சொல்லி முடிக்குமுன் இருமல் வந்துவிட்டது. உன்னுடைய அதே வறட்டு இருமல். போன வாரம் டாக்டரிடம் கூட்டிப்போனேன். உனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். அத்தான் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டார். வெளியே வந்ததும், அரிசி தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகலாம் என்றார்.

உனக்குப் பசியில்லை என்று அவரிடம் யார் சொல்வது? நான் சொன்னால் கேட்கிறாரா? நீ சொன்னால் கேட்பார். நீதான் இல்லையே.

அந்த ஓட்டையை நாளை நானே தைக்கிறேன், அக்கா. அவர் வெட்டுவார். மறுபடியும் தைப்பேன். அவர் இருக்கும்வரை இதை விடமாட்டேன். அதற்குப் பிறகு அந்த வலை கிழியாது.

அவர் மச்சான்,
உன் தம்பி.