இருவருக்கு ஒரு மருந்துச் சீட்டு

இன்று மதியம் கடையின் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து யாரோ சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். சூட்டில் வதங்கிய வாழையிலை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வருகிற ஆவணியோடு நீ போய் இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பாழாய்ப்போன வாசம் மட்டும் இன்னும் உன்னைக் கொண்டுவந்து என் எதிரே உட்கார வைக்கிறது.

நம் சேலைப் பிரிவில் ஒரு பொட்டலம் வாங்கினால் இரண்டு பேர் சாப்பிடுவதுதான் வழக்கம். முழுப் பொட்டலத்தையும் தனியாகத் தின்பவளை நாம் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். நீயும் நானும் ஜோடி. சோறு, குடை, தலைக்கு வைக்கிற பூ, எல்லாம் பாதிப் பாதி. நீ கல்லிடைக்குறிச்சியிலிருந்து பஸ் பிடித்து வருவாய், எனக்கு வண்ணார்பேட்டையிலேயே வீடு. ஆனாலும் தினமும் நீதான் முந்தி வந்து நிற்பாய்.

வலியிலும் நாம் ஜோடி என்று நினைத்தேனே, அந்தப் புத்தியைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்கு மாதாமாதம் வரும் வலியை நீ பார்த்திருக்கிறாய். பட்டுச்சேலையை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அடிவயிற்றை யாரோ ஈரத்துணியைப் போல முறுக்கிப் பிழிவார்கள். உட்காரவும் முடியாது. கடையில் நிற்கிறவர்களுக்கும் இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தபிறகு நமக்கும் முக்காலி போட்டார்கள், ஆனால் அதன்மேல் சேலைப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன. டீக்கடையில் வெந்நீர் வாங்கி, பழைய பிராந்திப் பாட்டிலில் ஊற்றித் துண்டைச் சுற்றி, ஸ்டாக் ரூமில் நின்றபடியே வயிற்றில் வைத்துக்கொள்வேன். ஒருநாள் வாசலில் பையைச் சோதித்த செக்யூரிட்டி அண்ணாச்சி அந்தப் பாட்டிலை வெளியே எடுத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது. நீ, "வெறும் வெந்நிதான் அண்ணாச்சி, வேணும்னா ஒரு மடக்கு குடிச்சுப் பாருங்க" என்றாய். அன்று சிரித்த சிரிப்பில் பஸ் நிறுத்தம் வரை வலி தெரியவில்லை.

கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லை என்ற பிறகுதான் என் வீட்டில் ஸ்கேனுக்குச் சம்மதித்தார்கள். வலிக்காக என்றால் சம்மதித்திருக்க மாட்டார்கள். எண்டோமெட்ரியோசிஸ் என்றார் டாக்டரம்மா. கர்ப்பப்பைக்குள் இருக்க வேண்டிய சவ்வு வெளியேயும் வளர்ந்திருக்கிறது, மாதாமாதம் அதுவும் சேர்ந்து கசிவதால்தான் இந்த வலி என்று விளக்கினார். முதலில் இதை அடக்குவோம் என்று ஹார்மோன் மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதித் தந்தார். ஹார்மோன் மாத்திரையை இரண்டு மாதம் வாங்கிவிட்டு, விலை தாங்காமல் நிறுத்திவிட்டேன். வலி மாத்திரைதான் கட்டுப்படியானது.

அந்தச் சமயத்தில்தான் உனக்கும் வயிறு வலிப்பதாகச் சொன்னாய். நான் இரண்டே கேள்வி கேட்டேன். அடிவயிறா? ஆமாம். முதுகுக்கு இழுக்கிறதா? ஆமாம். "அப்போ எனக்குள்ளதுதாம்ட்டி உனக்கும்" என்று முடித்துவிட்டேன். ஒரே வியாதிக்கு இரண்டு பேர் எதற்கு டாக்டருக்கு அழ வேண்டும் என்று கேட்டவளும் நான்தான். பெரியாஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் அங்கே போய்க் காத்திருந்தால் ஒருநாள் சம்பளம் போகும், ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று அடுத்தடுத்த நெருக்கத்தில் லீவும் கிடைக்காது. வார விடுமுறையிலோ உன் அம்மாவுக்கு அப்பளம் காயப்போட நீ வேண்டும். ஆகவே என் சீட்டைக் காட்டி இரண்டு பேருக்கும் மாத்திரை வாங்கினோம். மருந்துக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தபோது, வெளியூர் போகிறேன், சேர்த்துக் கொடுங்கள் என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அட்டையைக் கத்தரியால் வெட்டிப் பாதியை உன் பையில் போட்டேன்.

ஐந்தாறு மாதம் அப்படி ஓடியது. என் வலி நாலாம் நாள் அடங்கிவிடும், உன் வலி அடங்கவே இல்லை. ஒருநாள் உன் பங்குச் சோற்றை என் பக்கம் தள்ளினாய்.

"ரெண்டு வாய் தின்னதுமே வயிறு அடைச்சிருதுட்டி. கையும் காலும் மெலியுது, பாவாடை நாடா மட்டும் எட்டமாட்டேங்கு."

"எனக்கும்தான் வயிறு உப்பும். பேசாம மாத்திரையப் போடு" என்றேன். உன் பங்கையும் நானே தின்றேன். இதை எழுதும்போது என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

கார்த்திகையில் நீ ஸ்டாக் ரூமில் மயங்கி விழுந்த பிறகுதான் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றில் நீர் கோத்திருந்தது. சினைப்பையில் புற்று, வயிறெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். இதுவரை என்ன மருந்து சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். சீட்டை நீட்டினேன். அதிலிருந்த பெயரைப் படித்துவிட்டு, இது யார் என்றார். நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை. முன்னாலேயே வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாமா என்று கேட்டேன், செய்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். பிழைத்திருப்பாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ கடைசிவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கட்டிலில் கிடந்தபடி, ஆடித் தள்ளுபடிக்குப் புதுச்சேலை வந்துவிட்டதா என்று கேட்டாய். ஒரே ஒருமுறை என்னை வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது வார விடுமுறையில் நான் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். வரிசையில் நின்று மாத்திரை வாங்கி வருகிறேன். வலி குறைகிறது, பிறகு வருகிறது. சில மாதம் தாங்க முடியாமல் சுருண்டு கிடக்கையில், உனக்கு இது வேண்டும்டி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வது?

உன் பதினாறாம் நாளன்று கல்லிடைக்குறிச்சி வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்து எல்லார் முன்னாலும் நிறுத்தினாள். "எம் பிள்ளைக்கு வாங்க வக்கில்லன்னு, தனக்கு எழுதின மாத்திரையில பாதியக் குடுத்துக் காப்பாத்தப் பாத்தா இவ. கூடப்பொறந்தவ செய்வாளா?" என்றாள். கும்பிடாத குறையாக எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பாராட்டை நான் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

மாதம் தவறாமல் அவள் எனக்குப் போன் செய்கிறாள். உன்னைப் பற்றிக் கொஞ்சம் பேசி, கொஞ்சம் அழுது, கடைசியில் என் வயிற்றுவலியை விசாரிக்கிறாள்.

"மாத்திரை ஒழுங்காப் போடுதியா தாயி? நீயாவது நல்லா இருக்கணும்."

"போடுதேம்மா" என்று மட்டும் சொல்கிறேன்.